தொட்டியில் ஆர்க்கிட் செடி: கலவையைத் தேர்தலும் நீர் வார்த்தலும்

மரத்தின் மேல் வளரும் செடிகள் யாவும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை என்னும் எண்ணம் நம் மக்களிடையே பரவலாக உள்ளது. புல்லுருவியைப் பொறுத்தவரை இது உண்மையே. அது தன் உறிஞ்சு வேர்களை மரத்தின் திசுக்களுக்குள் செலுத்தி, அங்கிருந்து நீரையும் உப்புக்களையும் எடுத்துக் கொள்ளுகிறது. ஆனால் ஆர்க்கிட் செடிகள் அத்தகையன அல்ல. மரம் அவற்றுக்கு இருக்கை மட்டுமே. உணவு தரும் தாய் அன்று. பட்டையின் மேல் வழியும் மழைநீரும், அதில் கரைந்து வரும் தூசும் மட்கும், சூரிய ஒளியும், ஓயாது வீசும் காற்றும் கொண்டே அவை வாழுகின்றன.

இந்த ஒரு செய்தியை நன்கு உணர்ந்து கொண்டால், ஆர்க்கிட் செடியைத் தொட்டியில் வளர்ப்பதற்கான விதிகள் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும். உணராதவர் அதனை ரோஜாவைப் போலவோ கனகாம்பரத்தைப் போலவோ மண்ணில் நட்டு, நாள்தோறும் நீர் வார்த்து, சில மாதங்களில் இழந்துவிடுகின்றனர். திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த பிச்சாட்டூர் போன்ற வெப்பம் மிகுந்த அடிவாரப் பகுதியில் பணிபுரியும் தோட்டக்கலை ஊழியர்களுக்கும், பள்ளித் தோட்டங்களைப் பேணும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு, கலவையைத் தேர்தலையும் நீர் வார்த்தலையும் பற்றிய அடிப்படைச் செய்திகளை இங்கே காண்போம்.

செடியின் இயல்பு

ஆர்க்கிட் குடும்பத்தில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. இந்தியாவில் ஏறத்தாழ 1,250 இனங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மரங்களின் மேல் வாழும் தொற்றுச் செடிகள். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை தரையில் வளர்பவை.

தொற்று ஆர்க்கிட் என்றவுடன் குளிர்ந்த மலைநாட்டையே பலரும் நினைப்பர். ஆயினும் வெப்பமிக்க நம் சமவெளிகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளுக்கும் உரிய இனங்களும் உள்ளன. மா, புளி முதலிய முதிர்ந்த மரங்களின் கிளைகளில் தடித்த வெண்ணிற வேர்களால் பற்றிக் கொண்டிருக்கும் வாண்டா டெஸ்ஸெல்லேட்டா அவற்றுள் ஒன்று. அதன் பூவிதழ்களில் மஞ்சள் கலந்த பசுமையின் மேல் பழுப்பு நிறக் கட்டங்கள் அமைந்திருக்கும், பூவின் உதடு ஊதா நிறமாக இருக்கும், நறுமணமும் உண்டு. வாண்டா என்னும் பெயரே வடமொழியிலிருந்து தாவரவியலுக்குச் சென்றது. சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1795-ஆம் ஆண்டில் இதனைப் படத்துடன் விவரித்தார். தடித்த இலைகளும், செம்பழுப்புக் கோடுகளுடைய சிறு மஞ்சள் பூக்களும் கொண்ட அகாம்பே, கற்றாழை போன்ற நீண்ட இலைகளையும் தொங்கும் பூங்கொத்தையும் உடைய சிம்பிடியம் அலோயிஃபோலியம் என்பனவும் தென்னிந்திய வெப்பத்திற்குப் பழகியவையே. இவை மாதக்கணக்கில் மழையின்றி வறண்ட கிளைகளில் உயிர் வாழுகின்றன. அவ்வாறாயின், அன்றாடம் நீர் பெறும் தொட்டியில் அவை ஏன் மடிகின்றன? விடை வேரில் உள்ளது.

வேரின் அமைப்பு

தொற்று ஆர்க்கிட்டின் வேரைக் குறுக்கே வெட்டிக் கைவில்லையால் நோக்கினால், நடுவே மெல்லிய கம்பி போன்ற உயிர்ப்பகுதியும், அதனைச் சூழ்ந்து தடித்த வெண்ணிற உறையும் தெரியும். இவ்வுறைக்கு வெலாமன் என்று பெயர். உயிரற்ற, உள்ளீடற்ற உயிரணுக்களின் அடுக்குகளால் ஆன இது ஒரு கடற்பஞ்சு போலச் செயற்படுகிறது. மழைத்துளி பட்ட சில வினாடிகளுக்குள் நீரை உறிஞ்சி நிறைத்துக் கொள்ளும். நிறைத்த நீரைச் சிறிது சிறிதாக உள்ளிருக்கும் உயிர்ப்பகுதிக்கு அளிக்கும். மழை தொடங்கியவுடன் பட்டையைக் கழுவி வரும் முதல் நீரில்தான் உப்புக்கள் மிகுந்திருக்கும். அந்நீரை வீணாக்காமல் பிடித்துக் கொள்வதே இப்பஞ்சுறையின் சிறப்பு.

உலர்ந்திருக்கும்போது உறைக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றும். நனைந்தவுடன் உறை ஒளி ஊடுருவும் தன்மை பெற, உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். வேர் பசுமையாக மாறும். வெண்மை வறட்சியைக் குறிக்கும். பசுமை ஈரத்தைக் குறிக்கும். ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் இதைவிட எளிய ஈரமானி வேறில்லை.

நீர் மிகுந்தால் நேர்வது

வேரும் சுவாசிக்கிறது; அதற்குப் பிராணவாயு தேவை. காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் பிராணவாயு ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. கலவையின் இடைவெளிகள் யாவும் பல நாட்கள் நீரால் அடைபட்டுக் கிடந்தால் வேரின் உயிர்ப்பகுதி மூச்சுத் திணறி இறக்கும். இறந்த வேரைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தாக்கும். அது கருத்து, குழகுழத்து, உறை கழன்று, நடுக்கம்பி மட்டும் மிஞ்சும்.

இங்கேதான் வளர்ப்போரை ஏமாற்றும் ஒரு நிலைமை எழுகின்றது. வேர் அழுகிய செடியால் நீரை எடுக்க இயலாது. ஆகவே இலைகள் தளர்ந்து சுருங்கும். போலிக் குமிழ்கள் வரியோடும். காண்பவர்க்கு அது தாகத்தின் அறிகுறியாகவே படும். அவர் இரக்கமுற்று மேலும் நீர் வார்ப்பார். எஞ்சிய வேர்களும் அழுகும். நீரின்மையால் வாடிய செடியும் நீர் மிகுதியால் வாடிய செடியும் மேலே ஒன்றுபோலவே தோன்றும். வேரைப் பார்த்தாலன்றி வேறுபாடு புலப்படாது. எனவே, வாடிய செடியைக் கண்டவுடன் செய்ய வேண்டியது நீர் வார்ப்பதன்று; வேரை ஆராய்வதே.

பகுதியின் தட்பவெப்பம்

கலவையும் நீரும் ஊருக்கேற்ப அமைய வேண்டும். பிச்சாட்டூர், ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்து, நாகலாபுரம் மலைகளுக்கு அணித்தாக அமைந்தது. தென்மேற்குப் பருவத்தில் விட்டுவிட்டு மழை பெய்கிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில், குறிப்பாகப் புயற்காலங்களில், பல நாட்கள் தொடர்ந்து பெருமழை கொட்டுகிறது. ஏப்ரல், மே திங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைக் கடக்கிறது. பகலில் அனற்காற்று வீசுகிறது.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் 1963-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சேர்வராயன் மலைமேல், குளிர்ச்சியும் மூடுபனியும் நிலவும் அவ்விடத்தில் ஒரு செடிக்குப் பொருந்தும் கலவை, அடிவாரத்து அனற்காற்றில் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடலாம். சிக்கிமில் பாக்யோங் என்னுமிடத்தில் 1996-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி நிலையத்தின் சூழ்நிலையும் நம்முடையதினின்று வேறுபட்டதே. ஆகையால் பிற இடத்து அட்டவணைகளை அப்படியே எடுத்துக் கொள்ளாமல், அவற்றின் அடிப்படையை அறிந்து நம் ஊருக்கு ஏற்றவாறு மாற்றிக் கொள்ளுதல் வேண்டும்.

இப்பாடத்தை ஐரோப்பியர் பெரும் பொருளிழப்பிற்குப் பின்னரே கற்றனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகளை, மூடிய கண்ணாடி வீடுகளில் கடும் வெப்பத்திலும் தேங்கிய ஈரத்திலும் வைத்தனர்; அவை பெருந்தொகையில் மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டம் அளித்து, ஒவ்வொரு செடியையும் அதன் பிறப்பிடத்திற்கேற்பப் பேணிய பின்னரே நிலைமை மாறியது.

கலவைப் பொருள்கள்

நல்ல தொட்டிக் கலவை நான்கு பண்புகளைப் பெற்றிருத்தல் வேண்டும்: செடி அசையாதவாறு தாங்க வேண்டும், நீர் விரைந்து வடிய வேண்டும், வடிந்த பின்னும் துண்டுகளின் மேல் ஓரளவு ஈரம் நிற்க வேண்டும், விரைவில் மட்கித் தூளாகாமல் இருக்க வேண்டும். எந்த ஒரு பொருளும் இந்நான்கையும் நிறைவாகத் தருவதில்லை. ஆகவேதான் இரண்டு மூன்று பொருள்களைக் கலக்கிறோம்.

மரக்கரி: எளிதில் மட்குவதில்லை, இடைவெளிகள் நிலைத்து நிற்கும். ஆனால் நீரிலும் உரத்திலும் உள்ள உப்புக்கள் நாளடைவில் அதில் படியும். தூளையும் பொடிக்கரியையும் சலித்து நீக்கிவிட்டு, 2 முதல் 4 செ.மீ. அளவுள்ள துண்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

செங்கல், ஓட்டுத் துண்டுகள்: நன்கு சுட்டவையாக இருத்தல் வேண்டும். அரைகுறையாகச் சுட்ட செங்கல் நீரில் கரைந்து சேறாகும். சுண்ணாம்புக் காரையோ சிமெண்டோ ஒட்டிய துண்டுகள் காரத்தன்மை தருமாதலால் விலக்கத்தக்கன. இவை கனமுள்ளவை, காற்றில் சாயும் உயர்ந்த செடிகளுக்கு நல்ல பிடிமானம் தரும்.

தேங்காய் மட்டைத் துண்டுகள்: எளிதில் கிடைப்பவை, ஈரத்தை நன்கு தாங்குபவை. புதிய மட்டையில் துவர்ப்புப் பொருளும் உப்புக்களும் மிகுதி. 2 அல்லது 3 செ.மீ. சதுரங்களாக நறுக்கி, ஒரு வாரம் ஊற வைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். வடியும் நீரின் பழுப்பு நிறம் வெளுத்த பின்னரே பயன்படுத்தலாம். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மட்கத் தொடங்கும்.

தென்னை நார்க் கழிவு: நாற்றங்கால்களில் பெரிதும் பயன்படும் இப்பொருள் மிக நுண்ணியது. தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மிளகாய் நாற்றுக்கு நன்மையான இப்பண்பே தொற்று ஆர்க்கிட்டின் வேருக்குக் கேடாகும். மட்டைத் துண்டையும் நார்க் கழிவையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது.

ஸ்பாக்னம் பாசி: குளிர்நாட்டுச் சதுப்புகளில் வளர்வது. கடைகளில் விற்கப்படும் ஃபலனாப்சிஸ் செடிகள் பெரும்பாலும் இதில் நட்டு வருகின்றன. இளஞ்செடிகளுக்கும் வேரிழந்த செடிகளுக்கும் உதவும். ஆனால் அழுத்தி அடைத்தால் நடுப்பகுதி பல நாட்கள் உலராது.

மரப் பெரணித் தண்டின் நார் முற்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. மெதுவாக வளரும் அப்பெரணிகள் காடுகளில் அருகி வருவதால் அதனைத் தவிர்ப்பதே முறை. தோட்ட மண், ஆற்று மணல், தொழுவுரம் ஆகியவை தொற்று ஆர்க்கிட்டுக்கு எவ்வகையிலும் ஏற்றவை அல்ல.

செடிக்கேற்ற கலவை

வாண்டா வகைகள்: இவற்றிற்குக் கலவையே வேண்டுவதில்லை. மரச்சட்டக் கூடையில் செடியை நிறுத்தி, ஓரிரு பெரிய கரித்துண்டுகளை மட்டும் இட்டு, வேர்களைக் காற்றில் தொங்கவிடலாம்.

டெண்ட்ரோபியம் கலப்பினங்கள்: வெப்பத்தைத் தாங்கி அடிக்கடி பூப்பதால் அடிவாரப் பகுதிக்கு மிக ஏற்றவை. கரி இரண்டு பங்கு, ஓட்டுத் துண்டு ஒரு பங்கு, மட்டைத் துண்டு ஒரு பங்கு எனக் கலக்கலாம். செடிக்குச் சற்றே இறுக்கமான, பக்கங்களிலும் துளையுள்ள தொட்டி நன்று.

ஃபலனாப்சிஸ்: நிழலும் மிதமான ஈரமும் வேண்டுவது. கரியும் மட்டைத் துண்டும் சம அளவில் கலந்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டால் வேரின் நிறத்தை வெளியிலிருந்தே காணலாம். இது பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் ஏறத்தாழ 26 பாகைக்குக் குறைந்த வெப்பநிலை தேவை. ஆகவே டிசம்பர், ஜனவரியில் இதனைக் குளிர்ந்த, வெளிச்சமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

சிம்பிடியம் அலோயிஃபோலியம்: பருத்த வேர்த்திரள் உடையது. பெரிய கரித்துண்டும் மட்டைத் துண்டும் கலந்த அகன்ற தொட்டி ஏற்றது.

தரை ஆர்க்கிட்டான ஸ்பாதோகிளாட்டிஸ்: இதற்கு மட்டும் இலைமட்கு, செம்மண், சிறு கரித்துண்டு கலந்த மண் கலவை பொருந்தும். ஆர்க்கிட் என்னும் பெயர் ஒன்றை மட்டும் கொண்டு எல்லாச் செடிகளையும் ஒருபடித்தாக நடுதல் தவறு என்பதற்கு இதுவே சான்று.

தொட்டியின் அடியில் தங்கும் நீர்

தொட்டியின் துளை வழியே நீர் சொட்டுவது நின்றவுடன் உள்ளே நீர் முற்றும் வடிந்துவிட்டது என எண்ணுதல் பிழை. நுண்துளைக் கவர்ச்சியினால் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீர் தங்கியே நிற்கும். இவ்வுயரம் கலவைத் துண்டுகளின் பருமனைப் பொறுத்தது; தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. துண்டு பெரிதாயின் உயரம் குறையும். தூள் மிகுந்தால் உயரம் கூடும். ஆகவே நுண்ணிய கலவையை ஆழமற்ற தட்டில் இட்டால், தட்டு முழுவதுமே சேறாக நிற்கும்.

அடியில் கூழாங்கல் அடுக்கிவிட்டு மேலே நுண்ணிய கலவையை நிரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் நீர் தங்கும் மண்டலம் மறைவதில்லை; கல்லடுக்கின் மேல் ஏறி வேரை நெருங்குகிறது. கலவை முழுவதையும் பருமனான துண்டுகளால் அமைப்பதே ஏற்ற வழி.

சோதனை 1. செவ்வக வடிவான பஞ்சுத் துண்டு ஒன்றை நீரில் முழுதும் நனைத்து, கம்பி வலையின் மேல் படுக்கை வாட்டில் வையுங்கள். சொட்டுவது நின்ற பின், அதனைப் பிழியாமல் நீண்ட விளிம்பின் மேல் நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். அதுவும் நின்றபின் குறுகிய விளிம்பின் மேல் நிறுத்தினால் இன்னும் சிறிது சொட்டும். பஞ்சு ஒன்றே, உயரம் மட்டும் மாறியது. அடியில் தங்கும் ஈரமண்டலத்தின் உயரம் மாறாததால், பஞ்சு உயரமாக நிற்கும்போது அதில் நீர் நிறைந்த பகுதி சிறிதாகிறது என்பதை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

சோதனை 2. ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியின் துளைகளை ஒட்டுநாடாவால் அடையுங்கள். இரவு முழுவதும் ஊறி, நீர் வடிந்த கலவையை அதில் நிரப்பி, விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். பின்னர் ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து ஒட்டுநாடாவை அகற்றி, 10 நிமிடம் வடியும் நீரை அளவுகுழலால் அளந்திடுங்கள். வடிந்த நீரின் இடத்தைக் காற்று நிரப்பியிருக்கும். வடிந்த நீர் 350 மில்லிலிட்டர் எனக் கொண்டால், கலவையின் காற்றிடம் 100-க்கு 35 ஆகும். 80 மில்லிலிட்டர் மட்டுமே வடிந்திருந்தால் காற்றிடம் 100-க்கு 8 தான். அக்கலவை தொற்று ஆர்க்கிட்டுக்கு உதவாது. மரக்கரி, மட்டைத் துண்டு, நார்க் கழிவு, தோட்ட மண் ஆகிய நான்கையும் தனித்தனியே சோதித்து மாணவர்களை அட்டவணை எழுதச் செய்யலாம்.

நீர் வார்க்கும் முறை

எத்தனை நாட்களுக்கு ஒருமுறை நீர் வார்க்க வேண்டும் என்பதே களப்பணியாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா. நாட்கணக்கில் இதற்கு விடை கூற இயலாது. செடி, கலவை, தொட்டி, காற்று, வெயில் ஆகிய ஐந்தும் சேர்ந்தே விடையை அளிக்கின்றன. எனினும் பின்வரும் நெறிகள் எவ்விடத்திற்கும் பொருந்தும்.

முதலாவது, வார்க்கும்போது நிறைய வார்த்திடுக. அடுத்த முறைக்கு முன் உலர விடுக. சிறிது சிறிதாகத் தெளித்தால் மேற்பரப்பு மட்டும் நனையும், உப்பும் கழுவப்படாது. துளை வழியே நீர் நன்கு ஓடும்வரை வார்த்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை வார்த்தல் நலம். முதல் நீர் உறையை நனைக்கும். இரண்டாம் நீர் அதை நிறைக்கும்.

இரண்டாவது, காலை வேளையே ஏற்றது. வாண்டா, ஃபலனாப்சிஸ் முதலியன கடும் வெயிலில் நீரை இழக்காதிருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்தால் நோய்க் கிருமிகள் எளிதில் பற்றும். குருத்தில் நீர் தேங்கினால் அதனைத் துணியாலோ பஞ்சாலோ ஒற்றி எடுக்க வேண்டும். குருத்து அழுகிய ஃபலனாப்சிஸ் பிழைப்பது அரிது.

மூன்றாவது, தொட்டியின் கீழ் நீர் நிற்கும் தட்டு வைத்தல் ஆகாது.

நான்காவது, கலவையின் உட்புற ஈரத்தை அறிந்தபின் வார்த்திடுக. மேல்துண்டுகள் உலர்ந்திருந்தும் உள்ளே ஈரம் இருக்கலாம். ஒரு மூங்கில் குச்சியைக் கலவையின் நடுவே செருகி, சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கறுத்த ஈரக்கோடு உண்மையைக் கூறிவிடும்.

இதனினும் நுட்பமான முறை எடை பார்த்தல். நீர் வார்த்து வடிந்த அரைமணி நேரத்திற்குப் பின் தொட்டியை எடை போடுக. பின்னர் நாள்தோறும் காலையில் எடை போட்டு, வேர்களின் நிறத்தையும் குறித்து வருக. எடுத்துக்காட்டாக, முதல் நாள் 1,200 கிராம், அடுத்தடுத்த நாட்களில் 1,120, 1,060, 1,020 எனக் குறைந்து, 1,020 கிராமில் வேர்கள் யாவும் வெளுத்தன எனக் கொள்வோம். அந்த 1,020 கிராமே அத்தொட்டிக்கு நீர் வார்க்கும் எடையாகும். இவ்வாறு மூன்று நான்கு முறை பழகிய மாணவன், பின்னர் தராசின்றித் தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தே தேவையை அறிந்து கொள்வான்.

பருவங்களைப் பொறுத்துப் பிச்சாட்டூர்ப் பகுதிக்கு ஒரு தொடக்கக் குறிப்பாகப் பின்வருவனவற்றைக் கொள்ளலாம். மார்ச் முதல் மே வரை கூடையிலுள்ள வாண்டாவிற்குக் காலையிலும் பிற்பகல் நான்கு மணியளவிலும், தொட்டியிலுள்ள டெண்ட்ரோபியத்திற்குப் பெரும்பாலும் நாள்தோறும் ஒருமுறையும் நீர் தேவைப்படும். நிழற்பந்தலின் தரையையும் நனைத்து வைத்தால் காற்றின் வறட்சி தணியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்த நாட்களை விட்டுவிட்டு வார்த்திடுக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர் வார்ப்பதைக் காட்டிலும் மழையிலிருந்து காப்பதே முக்கியம். தொடர்மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்திற்கு மாற்ற வேண்டும். அல்லது பந்தலின் மேல் ஒளி புகும் விரிப்பை அமைத்து, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் வளர்ச்சி மந்தமாகையால் நீரைக் குறைத்திடுக. இக்குறிப்புக்கும் வேரின் நிறத்திற்கும் முரண்பாடு தோன்றினால், வேரையே நம்புக.

நீரின் தன்மை

ஆர்க்கிட் வேர் உப்பைத் தாங்கும் வன்மையற்றது. மரக்கிளையில் அது அறிந்தது மழைநீர் ஒன்றே. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்பும் சோடிய உப்பும் கலந்திருந்தால், தொட்டியின் விளிம்பில் வெண்படலம் படியும். வேர் நுனிகள் கருகும். இலை நுனிகள் காயும். கிணற்று நீரையும் மழைநீரையும் சம அளவில் இரு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி வெயிலில் உலர வைத்தால், மிஞ்சும் படிவைக் கொண்டு மாணவர் நீரின் உப்பளவை ஒப்பிடலாம். பள்ளிக் கூரையில் விழும் மழைநீரை, முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின், மூடியுள்ள தொட்டியில் சேமித்து வைத்தல் சிறந்தது. மழைநீர் போதாதாயின் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். சிறிதளவு அமிலத்தன்மை, அதாவது பி.எச். 5.5 முதல் 6.5 வரை, ஏற்றது.

உரத்தையும் நீராகவே அளிக்க வேண்டும். வளர்ச்சிக் காலத்தில், கரையும் கலப்பு உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மிகாமல் கரைத்து, வாரம் ஒருமுறை, முன்னரே நனைந்த வேரின் மேல் ஊற்றுக. அடுத்த முறை வெறும் நீரால் கலவையை நன்கு கழுவுக. உலர்ந்த வேரில் உரநீர் ஊற்றினால் வேர் கருகும்.

அழுகிய செடியைக் காத்தல்

வேர் அழுகியது தெரிந்தால் காலம் தாழ்த்தாது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய கலவையை முழுதும் நீக்குக. வேரை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால், உறுதியாக இருப்பது உயிருள்ளது. பொக்காகவும் குழைவாகவும் இருப்பது இறந்தது. நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஏனெனில் கலவைக்குள் ஒளியின்றி வளர்ந்த வேர் பழுப்பாக இருந்தும் உயிரோடு இருக்கக்கூடும். இறந்தவற்றைத் தீயில் காட்டிய கத்தியால் வெட்டி நீக்கி, செடியை ஒரு நாள் நிழலில் உலர விடுக. பின்னர் புதிய, பருமனான கலவையில் சிறு தொட்டியில் நட்டு, அசையாமல் கட்டி, நிழலில் வைத்திடுக. வேரற்ற செடிக்குக் கலவையை நனைப்பதால் பயனில்லை. சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்திருத்தலே அதற்கு உதவி. புது வேர் இரண்டு மூன்று செ.மீ. நீளும் வரை உரம் வேண்டா.

நலமுள்ள செடியையும், கலவை மட்கித் தூளாவதற்கு முன், புது வேர் தோன்றும் பருவத்தில் மாற்றி நடுதல் வேண்டும். பூத்திருக்கும்போதும் பெருமழைக் காலத்திலும் மாற்றுதல் நன்றன்று.

காடும் தொட்டியும்

இப்பாடம் தொட்டியோடு முடிவதன்று. வளர்ப்பு முறை அறியாதார் ஒரு செடியை இழந்தவுடன் மலையிலிருந்து மற்றொன்றைக் கொண்டுவரச் சொல்லுகின்றனர். அதுவும் மண்ணில் நடப்பட்டு அழுகுகிறது. மீண்டும் ஒன்று பிடுங்கப்படுகிறது. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. தக்க பூஞ்சையின் துணை கிடைத்தாலன்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. முளைத்தது பூக்கும் நிலையை அடையவும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிளையிலிருந்து ஐந்து நிமிடத்தில் பறிக்கப்படும் செடியை அக்கிளை திரும்பப் பெற ஒரு தலைமுறைக் காலமும் போதாதிருக்கலாம்.

காப்புக் காடுகளிலிருந்து செடிகளை அகற்றுவது சட்டப்படி குற்றமாகும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் கீழ் அடங்கும். ஆகவே பள்ளித் தோட்டத்திற்கு வேண்டிய செடிகளை நாற்றுப் பண்ணைகளில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கப்பட்டவற்றிலிருந்தே பெறுதல் வேண்டும். பள்ளி வளாகத்து மரத்தில் வாண்டா தானாக வளர்ந்திருந்தால் அதனைத் தொட்டிக்கு மாற்ற வேண்டா. அம்மரத்தையே வகுப்பறையாகக் கொள்ளலாம். மழைக்கு முன்னும் பின்னும் அதன் வேரின் நிறத்தை மாணவர் குறித்து வந்தால், நூலில் பல பக்கங்களில் படிப்பதை ஒரு பருவத்தில் கண்ணால் கற்பர்.

வாங்கிய ஒரு செடியைப் பத்தாண்டு காப்பாற்றத் தெரிந்த வீட்டார்க்கு, மலையிலிருந்து இரண்டாவது செடி தேவைப்படாது. களப்பணியாளர் ஒருவர் ஒரு வீட்டில் வேரைக் காட்டி விளக்குவது, அவ்வகையில் காட்டுக்கும் செய்யும் தொண்டாகும்.

வினாக்கள்

1. புல்லுருவிக்கும் தொற்று ஆர்க்கிட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நீர் வார்த்தவுடன் ஆர்க்கிட் வேர் பசுமையாக மாறுவது ஏன்?

3. நீர் மிகுந்த செடியும் நீரற்ற செடியும் ஒன்றுபோல வாடுவதற்குக் காரணம் என்ன? இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவீர்?

4. தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்குவதால் நுண்ணிய கலவையின் குறை நீங்குமா? சோதனை 1-ஐக் கொண்டு விளக்குக.

5. உங்கள் ஊரில் எளிதில் கிடைக்கும் மூன்று பொருள்களைக் கொண்டு டெண்ட்ரோபியத்திற்கு ஒரு கலவை தயாரித்து, அதன் காற்றிடத்தை அளந்து எழுதுக.